பட்டியலில் ஆறு பேர்

அத்தியாயம் 14

போன வாரம் அவளைக் கையில் பிரிக்காத உறையோடு வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். கால் வலித்திருக்கும். உள்ளே கூட்டிப் போவோம்.

உள்ளே என்றால் ஒரே ஓர் அறைதான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. தட்டு மட்டும் இரண்டு. இரண்டாவது தட்டு, கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டோடு பதினோரு மாதமாக அலமாரியில் கிடக்கிறது. ஊரில் கல்யாணம் முடிந்து பத்தொன்பது நாள் புருஷனோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு வாங்கியது. விசா வந்தால் அவன் வருவான். அவன் வந்தால் விலைச்சீட்டைப் பிய்க்கலாம்.

அவளுக்கு வேலை பல் செய்வது. மெழுகில் செதுக்கி, அச்சில் வார்த்து, முகம் தெரியாத வாய்களுக்குச் செட்டுச் செட்டாகக் கட்டி அனுப்புவாள். புருஷன் வைத்த பேர் பல்லுக்காரி. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் பதிலுக்கு வைத்த பேர் லிஃப்ட்டு. இருவருக்கும் நடுவில் ஒரு கடல், ஒரு படிவம். கடலைக்கூடத் தாண்டிவிடலாம்.

உறையைக் கிழித்தாள்.

கணவரை வரவழைக்க நீங்கள் அளித்த பொறுப்புப் படிவத்தின்படி உங்கள் வருமானம் போதாது. திருத்தம் இருந்தால் முப்பது நாளுக்குள் நேரில் தரவும். தவறினால் மனு ரத்தாகும்.

தேதியைப் பார்த்தாள். கடிதம் அவள் காலி செய்த பழைய வீட்டுக்குப் போய், மாடிப்படியில் யாருடைய செருப்புக்கு அடியிலோ தவம் கிடந்து, அங்கே கூட இருந்த பெண் கண்ணில் பட்டு, அவள் வேலைக்குப் போகிற வழியில் இன்று காலை கொண்டுவந்து கொடுத்தது. இன்றைக்கு முப்பதாவது நாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மா.

“சாப்டியா?”

“இங்க மணி ஏழும்மா.”

“ஏழு மணிக்குச் சாப்பிடக் கூடாதுன்னு சட்டமா? அப்பாவுக்கு மாத்திரை தீரப் போவுது. சித்திக்குக் கண்ணாடி மாத்தணுமாம். அவசரமில்ல, இந்த மாசமே அனுப்பினாப் போதும்.”

“அனுப்பறேன்.”

“தம்பிகிட்டருந்து ஏதாவது சேதி உண்டா?”

“இல்லம்மா.”

“எங்க இருக்கானோ, என்ன தின்னானோ. பெத்தவ ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சு அவனுக்கு. ஒரு போன் இல்ல, ஒரு பைசா இல்ல. நீ ஒருத்திதான்டி எங்களுக்கு.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா வாரம் தவறாமல் சொல்வாள். முதல் வருஷம் அதைக் கேட்டபோது பல்லுக்காரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போதெல்லாம் முதுகுதான் வலிக்கிறது. குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவள் தெருக்குழாய் மாதிரி. எவர் குடத்தோடு வந்தாலும் திறந்துவிட வேண்டும். குழாய்க்குத் தாகம் எடுக்குமா என்று எந்தக் குடமும் கேட்டதில்லை.

பல் செய்யும் லேப்புக்கு லீவு சொல்லிவிட்டு, படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மூலையில் ஒரு மேசை. ஏதோ ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அங்கே உட்கார்ந்து, ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவார். எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ்காரர்தான்.

“யாரும்மா இத நிரப்பினது?”

“நான்தான் சார்.”

“ஏன், எங்கிட்ட வந்தா கடிச்சா வெச்சுடுவேன்?”

கடிக்கிற நிலைமையில் அவருடைய மேல் பல்செட்டு இல்லை. பேசும்போதே நழுவியது. பல்லுக்காரி அதைச் சொல்லவில்லை.

“டிகிரி படிச்சிருக்கேன். ஒரு படிவம் நிரப்பத் தெரியாதா?”

“அதான் தெரியுதே.” ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்தார். “உங்க வருமானத்த நம்பி இருக்கறவங்க எத்தன பேருன்னு கேட்டிருக்கான். ஆறுன்னு போட்டு, பேரு போட்டு, உறவு போட்டு, வரிசையா வெச்சிருக்க. கல்யாணப் பத்திரிகையா இது?”

கணவன், அப்பா, அம்மா, சித்தி, அக்கா மகள், தம்பி.

“கேட்டாங்க, எழுதினேன். ஆறு பேருமே என் பொறுப்புலதான் இருக்காங்க. பொய் எழுதச் சொல்றீங்களா?”

“ஊர்ல இருக்கறவங்களுக்கு நீ அனுப்பறதயா கேட்டான்? இந்த நாட்டுல சட்டப்படி உன் பொறுப்புல யாரு இருக்காங்கன்னு கேக்கறான். தலைக்கு இவ்வளவு வேணும்னு ஒரு அளவு வெச்சிருக்கான். ஏழு தலைக்கு உன் சம்பளம் பத்தாதுங்கறான். நியாயந்தானே?”

“ஆறு.”

“உன்னையும் சேத்து ஏழு.”

“என்னை நான் எழுதவே இல்லையே.”

“நீ எழுதாட்டியும் அவன் சேத்துப்பான்.”

இத்தனை வருஷத்தில் அவளையும் ஒரு தலையாக எண்ணியது அந்த ஆபீஸ் ஒன்றுதான்.

ஜெராக்ஸ்காரர் ஸ்கேலையும் பேனாவையும் தள்ளினார். “ஊர்ல இருக்கற நாலு பேரையும் அடி. ஒரே கோடு. பக்கத்துல உன் கையெழுத்து. ஒவ்வொண்ணுக்கும்.”

அப்பா. கோடு. கையெழுத்து.

சித்தி. கோடு. கையெழுத்து.

அக்கா மகள். அக்கா இறந்துபோனதிலிருந்து அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடம், செருப்பு, சைக்கிள் எல்லாம் இவள்தான். கோடு. கையெழுத்து.

அம்மா. ஸ்கேல் நழுவியது. கோடு கோணலாகப் போய் மேல் வரியில் முட்டிக்கொண்டு நின்றது.

“கோடுதானேம்மா. பணத்த நிறுத்தவா சொன்னேன்? நீ பாட்டுக்கு அனுப்பு. பேப்பர்ல மட்டும் வேணாம்.”

“தெரியும் சார்.”

தெரிந்தால் மட்டும் கை லேசாகிவிடுகிறதா என்ன. கையெழுத்தைப் போட்டாள்.

“மிச்சம் ரெண்டு. புருஷன் இருக்கணும், அவனுக்குத்தானே இவ்வளவு கூத்தும். தம்பி... இரு, அடிக்காத. இவன் இங்கயா இருக்கான்?”

“படிக்க வந்தான். மூணு வருஷம் ஆச்சு.”

“பொறுப்புக் கையெழுத்து யாரு போட்டது?”

“நான்தான்.”

ஜெராக்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இவன நீ அடிக்க முடியாதும்மா. அவனாத்தான் இறங்கணும். நான் சொந்தக் கால்ல நிக்கறேன்னு அவன் கையால எழுதித் தரணும். வேலை குடுத்தவன் முத்திரை வெச்ச லெட்டர் வேணும். இவன் இருந்தா மூணு தலை, உன் சம்பளம் எட்டாது. இறங்கிட்டா ரெண்டு. கச்சிதமா நிக்கும்.” ஒரு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். “அஞ்சு மணிக்குக் கவுண்டர மூடிடுவான். நாலரைக்குள்ள வா. தம்பி சொன்னா கேப்பான் இல்ல?”

பல்லுக்காரி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சார், உங்க மேல்செட்டு லூசா இருக்கு. ஒரு நாள் லேப்புக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்.”

“மொதல்ல தம்பியப் புடி.”

*

தம்பியைப் பிடிப்பதா? பதினேழு மாதம் முன்னால் அவன் படிப்பைப் பாதியில் விட்டான் என்று கேள்விப்பட்டு அவன் அறைக்குப் போனவள், கூடத் தங்கியிருந்த மூன்று பேர் முன்னால் வாயைத் திறந்தாள். அவனுக்காகக் கட்டிய ஒவ்வொன்றையும், கட்டணம், வாடகை, குளிர்கோட்டு, எல்லாவற்றையும் தேதியோடு சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை. அவ்வளவு நல்ல ஞாபகசக்தி. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மறுநாள் நம்பரை மாற்றினான். இவள் கல்யாணத்துக்கும் வரவில்லை.

அந்த மூன்று பேரில் ஒருவன்தான் பின்னொரு நாள் சொன்னான், தம்பி ஊருக்கு வெளியே மெத்தைக் கிடங்கில் வேலை பார்க்கிறான் என்று. ஒன்றேகால் மணி நேரப் பஸ். இத்தனை நாளில் அந்தப் பஸ்ஸில் அவள் ஏறியதில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் லிஃப்ட்டு கூப்பிட்டான்.

“என்ன பல்லுக்காரி, லெட்டர்ல என்னவாம்?”

“ஒரு கையெழுத்து பாக்கி. தம்பியோடது.”

மறுபக்கம் இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

“வாயப் பூட்டிச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.”

“நீ எங்க இருக்க?”

“ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல. மேலயும் போகாம கீழயும் போகாம நிக்குது சனியன்.”

“நானும் அங்கதான் நிக்கறேன்,” என்றாள். சிக்னல் அறுந்தது. அவன் கேட்டானா என்று தெரியவில்லை.

*

கூரை வரைக்கும் மெத்தைகள். யாரும் படுக்காத படுக்கைகள், நூற்றுக்கணக்கில், சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றன. நடுவில் தம்பி ஒரு மெத்தைக்குப் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். யாரைக் கேட்டு வளர்த்தானோ, ஒரு தாடி வேறு.

பதினேழு மாதமாக அவள் ஒத்திகை பார்த்து வைத்த வசனம் ஒரு மூட்டை. வாயைத் திறந்தபோது வந்தது ஒன்றுதான்.

“சாப்டியா?”

தம்பி திரும்பிப் பார்த்தான். உறையைக் கடைசி வரை இழுத்து மாட்டிவிட்டுத்தான் பேசினான்.

“யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல.”

“அப்ப கையெழுத்து.”

சூபர்வைசர் அம்மாள் தூரத்திலிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். கால் மணி நேரம். இருவரும் ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். யார் அசைந்தாலும் பாலிதீன் சரசரவென்று காட்டிக்கொடுத்தது.

அவன் ஆபீஸ் கடிதத்தைப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

“நான் இறங்கணும்.”

“ஆமா.”

“இவ்வளவு நாளா உன் தலை மேலயா உக்காந்திருந்தேன்? சொல்லியிருந்தா அப்பவே குதிச்சிருப்பேனே.”

வாய் பூட்டியிருந்தது. சாவி ஏழாவது மாடிக்கு மேலே இருந்தது. “பேப்பர்ல,” என்றாள்.

அவன் கோடுகள் போட்ட பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினான்.

“அம்மாவையுமா அடிச்ச?”

“அடிச்சாத்தான் மாமா வர முடியும்.”

“கோடு கோணலா இருக்கு.”

“ஸ்கேல் நழுவிடுச்சு.”

“நான் கடைசில இருக்கேன்.”

“கோவத்துல இருந்தேன். அதான் கடைசில எழுதினேன்.”

பாலிதீன் சரசரத்தது. “எழுதாமலே விட்டிருக்கலாம்.”

“விட்டிருக்கலாம்.”

அவன் பட்டியலை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

“மாமா எப்படி இருக்காரு?”

“நீ பாத்ததே இல்லையே அவர.”

“அதான் கேக்கறேன்.”

“ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறாரு.”

தம்பி சிரித்துவிட்டான். சிரித்த வாயில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல்லைக் காணோம். பல்லுக்காரிக்குக் கண் வேறு எங்கே போகும்.

“அந்தப் பல்லு எங்க?”

“விழுந்துடுச்சு.”

“எப்ப?”

“விழுந்தப்ப.”

“எங்கிட்ட வந்திருந்தா ஒரு பல்லு கட்டித் தந்திருப்பேன்ல.”

“கட்டித் தந்திருப்ப. தேதியும் போட்டு வெச்சிருப்ப.”

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கும் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவன் சூபர்வைசர் அறைக்குள் போனான். கண்ணாடிக்குப் பின்னால் எழுதுவது தெரிந்தது. ஓரிடத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தான், பிறகு எழுதினான். கூடப் போயிருக்கலாம். காலையில் அவளே இரண்டு மணி நேரம் அலைந்து கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை அவனிடம் சொல்லியிருக்கலாம். விழுந்த பல்லையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் வந்தபோது வெளியே தூறல் பிடித்திருந்தது. படிவத்தையும் லெட்டரையும் உறையில் போட்டிருந்தான். மெத்தைப் பாலிதீனில் ஒரு துண்டு வெட்டி, உறையைச் சுற்றி, நான்கு பக்கமும் டேப் ஒட்டினான். தொழில்காரன் கை. காற்றுகூட நுழையாது.

“நனைஞ்சா முத்திரை கரைஞ்சுடும். நேரா கொண்டுபோய்க் குடு.”

“சரி.”

“மாமா வந்தா சொல்லு.”

“எப்படிச் சொல்ல?” என்று கேட்பதற்குள் அடுத்த மெத்தையைத் தூக்கிவிட்டான். பஸ்ஸில் ஏறின பிறகுதான் அவனுடைய புது நம்பரை வாங்கவில்லை என்பது உறைத்தது.

*

நாலு இருபத்தைந்து. ஜெராக்ஸ்காரர் கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினார். லெட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். படிவத்தைப் பார்த்தார். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

“இது என்ன, உங்க குடும்ப வியாதியா?”

படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அதே கேள்வி. உங்கள் வருமானத்தை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர்? தம்பியின் குண்டு எழுத்தில் பதில் இருந்தது.

ஒன்று. அம்மா. பதினேழு மாதமாக.

பல்லுக்காரி மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை. ஒரு போன் இல்ல, ஒரு பைசா இல்ல என்று காலையில்தான் அம்மா சொன்னாள். வாரா வாரம் சொல்கிறாள். நீ ஒருத்திதான்டி எங்களுக்கு.

“நல்ல புள்ளதான்,” என்றார் ஜெராக்ஸ்காரர். “ஆனா மெத்தைக்கு உறை மாட்டற சம்பளத்துல இன்னொரு தலை தாங்காதே. இவனே சொந்தக் கால்ல நிக்கலைம்பான். திரும்ப உன் கணக்குல கொண்டுவந்து உக்கார வெப்பான்.”

“அடிச்சுட்டா?”

“அடிச்சுட்டாச் சரி. பக்கத்துல அவன் கையெழுத்து வேணும்.”

லெட்டரில் இருந்த கிடங்கு நம்பருக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்திருக்கும்.

ஜெராக்ஸ்காரர் ஸ்கேலை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தார். பேனாவை அதன் பக்கத்தில் வைத்தார். எழுந்தார்.

“நான் ஒரு டீ குடிச்சுட்டு வரேன். அஞ்சு நிமிஷம் ஆகும். மாட்டினா அஞ்சு வருஷத்துக்கு மனு போட முடியாது, அதையும் சொல்லிடறேன். நூத்துல ஒருத்தன்தான் மாட்டுவான்.”

போய்விட்டார்.

தம்பியின் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூட நாளில் அவனுடைய மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டதே அவள்தான். போதாததற்கு, அசலைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று செய்வதுதான் அவள் பிழைப்பு. ஒரு கோடு. ஒரு கிறுக்கல். புருஷன் வந்துவிடுவான். விலைச்சீட்டைப் பிய்க்கலாம்.

ஸ்கேலை வரிக்குக் கீழே சேர்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

அம்மா என்று எழுதியிருந்தான். மூன்று எழுத்து. எழுதியவன் சாப்பிட்டானா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு பல் போய்விட்டது, கட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பல்லின் பணம் எந்த மாதம் ஊருக்குப் போனதோ. அவனிடம் தேதி இருக்காது. அவன் தேதி போட்டு வைக்கிற ஆள் இல்லை.

ஜெராக்ஸ்காரர் திரும்பி வந்தபோது பேனா மூடியிருந்தது.

“துணியலியா?”

“காலைல ஒரு தடவ அம்மாவ அடிச்சுட்டேன் சார். ஒரு நாளைக்கு அது போதும்.”

“புருஷன் வர வேணாமா உனக்கு?”

“வேணும்.”

அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு காகிதங்களை வரிசைப்படுத்தி ஸ்டேப்ளர் அடித்தார்.

“நூத்துக்கு அம்பதுதான் சொல்வேன். உக்காந்திருக்கறவன் ஈவு இரக்கம் உள்ளவனா இருந்தா விடுவான். ஓடு, மூடிடப் போறான்.”

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கவுண்டரில் கொடுத்தாள். உள்ளே இருந்தவன் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தி ஒரு சீட்டைத் தள்ளினான். முடிவு மூன்று வாரத்தில்.

வெளியே மழை வலுத்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் குடைக்குக் குடை இருவராக நின்றார்கள். போனில் லிஃப்ட்டு எழுதியிருந்தான். லிஃப்ட் ஓடிடுச்சு. உன்னது?

தம்பி அம்மாவை எழுதியிருந்தான், நான் அடிக்கவில்லை, நீ வராமலே போகலாம் என்று எழுதினாள். அழித்தாள். குடுத்துட்டேன் என்று மட்டும் அனுப்பினாள். அது பொய் இல்லை.

அறைக்கு வந்து பையை நாற்காலியில் வைத்ததால் உட்கார இடமில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். பைக்குள் அந்தப் பாலிதீன் துண்டு இருந்தது. எதற்கு எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதை நீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“படுக்கறதுக்கு முன்னால கூப்பிடலாம்னு பாத்தேன்,” என்றாள் அம்மா. “சித்தி கண்ணாடிக்கு அளவு குடுத்துட்டா. தம்பிகிட்டருந்து ஏதாவது சேதி உண்டா?”

காலையில் கேட்ட அதே குரல். ஒரு இழை கூட மாறவில்லை.

“இல்லம்மா,” என்றாள் பல்லுக்காரி. “உனக்கு?”

பாலிதீன் அவள் விரலில் சரசரத்தது. மறுமுனையில் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அம்மா பேசியபோது வாயை போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

“அவன் சொல்லிட்டானா?”